வானத்தில் எட்டு முழம்

அண்ணன் கடையில் துணி விரித்துக் காட்டியும் மடித்து வைத்துமே அபுபக்கருக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. ராஜபாளையத்தில் அது பெரிய ஜவுளிக்கடை. கல்லாவில் உட்காருவது அண்ணன் சேக் முகைதீன். சரக்கு எடுக்கப் போவதும் அவர்தான். எந்தக் கரை வேட்டி ஓடும், எது விற்காமல் தூங்கும் என்று அபுபக்கர் சொல்ல வாயெடுத்தால், "ஒனக்கு என்னலே தெரியும், அந்தக் கட்ட எடுத்து மேல வை" என்பார். அவனும் எடுத்து வைப்பான்.

1986 சித்திரையில் அவனுக்கு என்ன வந்ததோ, ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் ஒரு கடையைப் பார்த்துவிட்டு வந்து, தனியாகத் தொழில் செய்யப் போவதாகச் சொன்னான். அண்ணன் சண்டை போடவில்லை. கடையைத் தன் பெயரில் பேசி முடித்து, சாவியை வாங்கித் தன் பச்சை பெல்ட்டில் மாட்டிக்கொண்டார்.

"தெறப்பு விழா அன்னைக்கு நானே வந்து தெறந்து விடுதேன். சாயங்காலம் வரைக்கும் அங்கதான் இருப்பேன். நிக்க எடமில்லாமக் கூட்டம் வந்துச்சுன்னா சாவி ஒனக்கு. ஈ ஓட்டிக்கிட்டு இருந்தேன்னா, பேசாம நம்ம கடைக்கு வந்து கட்ட எடுத்து மேல வைக்கிற வேலையப் பாரு."

அவ்வளவுதான் பேச்சு. அபுபக்கருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் செய்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வட்டிக்கடை முதல் மூலச்சிகிச்சை வரை எல்லாம் ஆட்டோவில்தான் வந்தது. மதுரையில் யாரோ சின்ன விமானம் வைத்திருக்கிறார்கள், நோட்டீஸ் போட வாடகைக்கு வரும் என்று கேள்விப்பட்டு அபுபக்கர் போய்ப் பேசிவிட்டு வந்தான். பருத்திக்கு மருந்தடிக்கும் விமானம் இறங்குவதற்காக, ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு மில்காரர் செம்மண்ணில் ஓடுதளம் போட்டு வைத்திருந்தார். அதில் இறங்கி, இவனை ஏற்றிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் மேல் ஒரு சுற்றுச் சுற்றி நோட்டீஸ் போடுவது என்று ஏற்பாடு.

எனக்கு இதில் வேலை எதுவும் இல்லை. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்பின்னிங் மில்லில் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். பகலில் தூக்கம் வராது. வீட்டில் கிடந்தால் அம்மா என் வாழ்க்கையைப் பற்றிப் பேசுவாள். அதனால் யார் எங்கே கூப்பிட்டாலும் போய்விடுவேன். டீக்கடையில் வைத்து அபுபக்கர், "ஏலே சின்னத்துரை, ஏரோப்ளேன்ல வாரியா?" என்று கேட்டபோதும் சரி என்றேன்.

திறப்பு விழா அன்று காலை ஓடுதளத்துக்குப் போனோம். அண்ணனும் கூட வந்தார். விமானம் ஏற்கெனவே வந்து நின்றது. நான் நினைத்ததைவிடச் சின்னது. அம்பாசடர் காருக்கு இறக்கை வைத்தது போல இருந்தது. முன்னால் இரண்டு சீட், பின்னால் ஒரு பெஞ்சு. பேண்ட் சட்டை போட்ட ஒரு பெண் துணியால் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சேக் முகைதீன் அவளிடம் போய், "பைலட் எப்பம்மா வருவாரு?" என்று கேட்டார்.

"வந்து செத்த நேரமாச்சு அண்ணாச்சி. கண்ணாடி தொடச்சிக்கிட்டு இருக்கா" என்றாள் அவள்.

பெயர் அமிர்தவல்லி. சாயர்புரத்துக்காரி. அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி வானத்தைப் பார்த்தான்.

அமிர்தவல்லி அபுபக்கரை மேலும் கீழும் பார்த்தாள். அவன் புது வேட்டி கட்டியிருந்தான். எட்டு முழம், மயில்கழுத்துப் பச்சையில் அகலக் கரை. தறிக்காரரிடம் அவனே சொல்லி நெய்த சரக்கு. இந்தக் கரை ஒருநாளும் ஓடாது என்று அண்ணன் தள்ளியதை, கடைக்காகக் கட்டுக் கட்டாக நெய்து வாங்கி வைத்திருந்தான். வேட்டிக்கு மேல் அண்ணனுக்கு இருப்பது போலவே ஒரு பச்சை பெல்ட்.

"வேட்டியோடவா வாரிய? பேண்ட் இல்லையா?"

"எங்கிட்டப் பேண்டே கெடையாது புள்ள."

"ஜவுளிக்கடை தெறக்கப் போறியன்னுல்லா சொன்னாவ!"

அவனை முன்னால் வலது சீட்டில் உட்கார வைத்து, சீட் பெல்ட்டை இறுக்கினாள். நான் பின்னால் நோட்டீஸ் சாக்கோடு உட்கார்ந்தேன். மேலே போனதும் சாக்கிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுக்கவேண்டும், அவன் ஜன்னல் வழியாகப் போடுவான். அதற்காகச் சாக்கின் வாயை முன்கூட்டியே அவிழ்த்து வைக்கச் சொன்னான்.

"கதவ அடிச்சுச் சாத்தப்படாது" என்று அமிர்தவல்லி வெளியே நின்று சொன்னாள். "இது டாக்சி இல்ல. மெதுவா இழுத்து, கொண்டி விழுந்துச்சான்னு பாத்து, உள்ள இந்தக் கைப்பிடிய மடக்கணும். நானே சாத்துதேன், நீங்க தொட வேண்டாம்." சாத்தினாள். வெளியிலிருந்து இழுத்துப் பார்த்தாள். சுற்றி வந்து தன் பக்கம் ஏறினாள்.

ஓடுதளத்து ஓரத்தில் அபுபக்கரின் மனைவி மாஜிதா நின்றிருந்தாள். அவன் ஜன்னலைத் தள்ளித் தலையை நீட்டி, சந்தோஷத்தில் சொன்னான்: "மாஜிதா, போறேன்!"

எங்கள் ஊரில் ஒன்றுக்குப் போகிறவன்கூட 'போயிட்டு வாரேன்' என்றுதான் சொல்லிவிட்டுப் போவான். 'போறேன்' என்று தனியாகச் சொன்னால் அது வேறு போக்கு. மாஜிதாவின் முகம் சுருங்கிவிட்டது. அதற்குள் எஞ்சின் கிளம்பி, ஒரு சத்தமும் கேட்காமல் போயிற்று.

விமானம் ஓடுதளத்தின் தெற்குக் கோடிக்குப் போய்த் திரும்பவேண்டும். வழியில் ஆடுகள். காவல்காரர் மலைச்சாமி கம்போடு அவற்றை இடது பக்கம் விரட்டிக்கொண்டிருந்தார். அமிர்தவல்லி அந்தப் பக்கமே கண்ணாக மெதுவாக ஓட்டினாள். வலது பக்கம் மாஜிதா நின்ற இடம் வந்தது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அபுபக்கருக்குப் பொறுக்கவில்லை. கைப்பிடியை நிமிர்த்திக் கதவைத் திறந்து, பாதி உடம்பை வெளியே நீட்டி, "போயிட்டு வாரேன்! வாரேன் மாஜிதா! வாரேன்!" என்று கத்தினான். பிறகு டாக்சிக் கதவை அடிப்பது போல ஓங்கி அடித்துக் கைப்பிடியை மடக்கினான்.

"என்ன சத்தம்?" என்று அமிர்தவல்லி திரும்பினாள்.

"ஒண்ணுமில்ல புள்ள, சாத்திட்டேன்."

அவள் குனிந்து அவன் பக்கக் கைப்பிடியை அழுத்திப் பார்த்தாள். மடங்கித்தான் இருந்தது. "இனிமே அதத் தொட்டிய, எறக்கி விட்டுட்டுப் போயிருவேன்" என்றாள்.

வெளியே மாஜிதா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். சேக் முகைதீனும் துண்டை எடுத்து வீசினார். ஓடிக்கூட வந்தார். இவ்வளவு பாசமா என்று நாங்களும் கையை ஆட்டினோம்.

வேட்டியின் ஒரு தலைப்பு கதவில் சிக்கி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் அதைத்தான் காட்டினார்கள். மடிப்பாகச் சிக்கிய துணியால் மேல் கொண்டி சரியாக விழவில்லை. கைப்பிடி மட்டும் மடங்கியிருந்தது. இதெல்லாம் பிறகு தெரிந்தது.

வடக்கு நோக்கி ஓடி எழும்பினோம். பனைமரங்கள் கீழே போயின. இடது பக்கம் மலை, கீழே பருத்திக்காடு. நன்றாகத்தான் இருந்தது. அப்போது பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். கதவு ஒரு சாண் திறந்துகொண்டது. காற்று உள்ளே வந்து அறைந்தது. சாக்கின் வாய் திறந்துதானே இருந்தது, நோட்டீஸ் முழுவதும் எழும்பி உள்ளே சுழன்றது.

ராஜபாளையம் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஓடும் பழைய டாக்சிகளில் கதவு நிற்காது. கதவோரம் உட்காருகிறவன் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வரவேண்டும். துணிக்கட்டோடு அந்த ரோட்டில் போய்வந்தே வளர்ந்தவன் அபுபக்கர். யோசிக்கவே இல்லை. இரண்டு கையாலும் கதவைப் பிடித்து இழுத்து, முழங்காலை எதிரே முட்டுக் கொடுத்தான்.

எதிரே இருந்தது ஸ்டீரிங். விமானத்தில் அவன் பக்கமும் ஒரு ஸ்டீரிங் உண்டு. ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும். அவன் முட்டியதும் விமானத்தின் மூக்கு கீழே போயிற்று. பருத்திக்காடு கண்ணாடிக்குள் வந்தது.

"கதவ விடுங்க அண்ணாச்சி! கால எடுங்க!" அமிர்தவல்லி தன் ஸ்டீரிங்கை மார்போடு இழுத்தாள்.

"விட்டா விழுந்துருவேன் புள்ள!"

"பெல்ட்டு போட்டிருக்கிய! விழ மாட்டிய! கதவ விடுங்க!"

"யா அல்லா!"

நான் பின்னாலிருந்து அவன் பச்சை பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். நகரவில்லை. பயந்தவனுக்கு வருகிற பலம் பயில்வானுக்கு வராது. அமிர்தவல்லியின் முகத்தில் ஒரு நோட்டீஸ் வந்து அப்பியது. 'வாரீர்! வாரீர்!' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதைப் பிய்த்தேன். அடுத்தது வந்தது.

"கதவு போனாப் போகுது" என்று அவள் கத்தினாள். "கதவு இல்லாமலும் பிளேன் பறக்கும். நீங்க முட்டுனாத்தான் பறக்காது!"

அவன் காதில் எதுவும் ஏறவில்லை. ஆனால் கதவு இடைவெளி வழியாகக் காற்று வேட்டியைப் பிடித்துக்கொண்டது. வெளியே இருந்த தலைப்பு போதாதென்று மீதியையும் இழுத்தது. சரசரவென்று மடிப்பு அவிழ்ந்து, தொடைக்கு மேலிருந்து துணி வெளியே ஓடியது. அபுபக்கர் குனிந்து பார்த்தான். கோடு போட்ட அண்டர்வேர் தெரிந்தது. பக்கத்தில் ஒரு பெண்.

சட்டென்று கதவை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்தான். கால் தானாக ஸ்டீரிங்கை விட்டு இறங்கியது. மூக்கு நிமிர்ந்தது. உயிர் போகிறதென்று சொல்லிக் கேட்காதவன் மானம் போகிறதென்றதும் கேட்டான். நாங்கள் மூன்று பேரும் பிழைத்தது இதனால்தான். இதில் வீரம் எதுவும் இல்லை.

கதவு அந்த ஒரு சாணுக்கு மேல் திறக்கவில்லை. முன்னாலிருந்து வருகிற காற்றே அதை அழுத்திப் பிடித்திருந்தது.

"பாத்தியளா?" என்றாள் அமிர்தவல்லி. "காத்தே சாத்திக்கிட்டுத்தான் இருக்கு. நீங்க சாத்த வேண்டாம். வேட்டி எம்புட்டு வெளிய போயிருக்கு?"

நான் எட்டிப் பார்த்தேன். "அம்புட்டும் போயிருச்சு. பெல்ட்டுக்குள்ள இருக்கிற முனைதான் பாக்கி."

"அந்த முனைய விட்டுராதீங்க அண்ணாச்சி. அது பறந்து போயி வாலுல சுத்துச்சுன்னா நாம மூணு பேரும் கோவிந்தா. உள்ள இழுக்கவும் வேண்டாம். பிடிச்சிக்கிட்டு மட்டும் இருங்க."

"நீ கண்ண மூடிக்க புள்ள."

"நான் கண்ண மூடுனா யாரு ஓட்டுறது? நான் முன்னாடிதான் பாக்கேன், நீங்க வேட்டியப் பாருங்க."

நான் காலிச் சாக்கை எடுத்து அவன் மடியில் போட்டேன். சாக்கு காலி என்பதை அப்போதுதான் அவன் கவனித்தான். உள்ளே ஏழெட்டு நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் அந்த இடைவெளி வழியாகப் போய்விட்டது. கீழே செண்பகத்தோப்புக் காடு. மரங்களுக்கு மேல் மஞ்சளாக நோட்டீஸ் இறங்கிக்கொண்டிருந்தது.

"காட்டுலயா?" என்றான்.

"ஆமா. மந்தி எல்லாம் வைகாசி முகூர்த்தத்துக்கு ஒன் கடையிலதான் எடுக்கும்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "புள்ள, எறங்கிட்டு மறுபடியும் ஒரு தடவ..."

"எதப் போடுவிய? நோட்டீஸ் இருக்கா?"

இல்லை. அவன் கண்ணில் தண்ணீர். காற்றினாலா, சாவியை நினைத்தா என்று நான் கேட்கவில்லை.

"இப்ப எறங்கப் போறோம்" என்றாள் அமிர்தவல்லி. "இடது பக்கம் மலை. வலது பக்கந்தான் திருப்பணும். ஒங்க பக்கம் சாயும், பயப்படாதீங்க. ஒடிச்சுத் திருப்ப மாட்டேன். பெரிய வட்டமாப் போட்டு, பைய்யப் பைய்யத் திரும்புதேன்."

அந்தப் பெரிய வட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றிப் போயிற்று. கோவில் கோபுரம் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றது. ரத வீதிகளில் ஆட்கள் அண்ணாந்து பார்த்தார்கள். மொட்டை மாடியில் வடகம் காயப்போட்ட பெண்கள் கையை ஆட்டினார்கள். அபுபக்கர் கண்ணை மூடிக்கொண்டு வேட்டி முனையைப் பிடித்திருந்தான். வெளியே எட்டு முழமும் நீண்டு, கொடி மாதிரி படபடவென்று அடித்துக்கொண்டு வந்தது.

இறங்கியபோது ஒரு குலுக்கல்தான். ஆடுகள்கூட ஓடவில்லை.

விமானம் நின்றதும் மாஜிதா ஓடி வந்தாள். "வேட்டி வெளிய கெடக்கு, வெளிய கெடக்குன்னு தொண்ட கிழியக் கத்துறேன், நீங்க டாட்டா காட்டுறிய!"

"நீதான் டாட்டா காட்டுறேன்னு நெனச்சேன்."

"ஒழுங்கா மொதல்லயே போயிட்டு வாரேன்னு சொல்லியிருந்தா இம்புட்டும் வருமா?"

"அதச் சொல்லத்தான் கதவத் தெறந்தேன்!"

அமிர்தவல்லி கீழே இறங்கித் தரையில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தாள். பிறகு தலையில் கையை வைத்துச் சிரிக்க ஆரம்பித்தாள். வெகு நேரம் சிரித்தாள். "வாரேன்னு சொல்லக் கதவத் தெறந்தியளா! இத எந்தப் புஸ்தகத்துலயும் போடல அண்ணாச்சி!"

அபுபக்கர் சாக்கைப் போர்த்திக்கொண்டு இறங்க மறுத்தான். சேக் முகைதீன் வந்து வெளியே கிடந்த வேட்டியைச் சுருட்டினார். கொடுக்கவில்லை. தலைப்பை விரலில் வைத்து நிமிண்டிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரத்தில் ஒரு விரற்கடை பிசிறு. மற்றபடி ஒரு நூல் விலகவில்லை. கரைச் சாயம் அப்படியே நின்றது.

"எவங்கிட்டலே நெய்யச் சொன்ன?"

அபுபக்கர் தறிக்காரர் பெயரைச் சொன்னான்.

"ம்" என்றார். வேட்டியைக் கொடுத்தார். சாவி பெல்ட்டில்தான் இருந்தது.

கடையைப் பத்து மணிக்குத் திறந்தார். பாத்திஹா ஓதி, வந்தவர்களுக்குச் சர்க்கரை கொடுத்தார்கள். வந்தவர்கள் பக்கத்துக் கடைக்காரர்கள். சர்க்கரையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மத்தியானம் வரை நானும் அபுபக்கரும் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பெல்ட்டைத் தடவிக்கொண்டிருந்தார். நோட்டீஸைப் பார்த்து வந்தது ஒரே ஒரு ஆள். செண்பகத்தோப்பு வனக்காவலர் பால்ச்சாமி. காட்டில் குப்பை போட்டது யார் என்று கேட்க வந்தார். ஒரு துண்டு கொடுத்து உட்கார வைத்தோம்.

வெயில் தாழ்ந்ததும் ஒரு அம்மாள் படியேறி வந்தாள். கூடை முடைந்து விற்கிற கருத்தம்மா.

"ஏய்யா, புதுசாத் தெறந்த துணிக்கடை இதானே? ஏரோப்ளேன்ல கட்டிவிட்ட வேட்டி இந்தக் கடைதானா?"

அபுபக்கர் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

"இந்தக் கடைதான் ஆத்தா."

"எதுக்குய்யா அத வெளிய கட்டிக் கொண்டுபோனீக?"

அண்ணன் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத பயல் என்று அவருக்குத் தெரியும். அபுபக்கர் எழுந்து காலையில் பறந்த வேட்டியை மேஜைமேல் விரித்தான்.

"கட்டல ஆத்தா. கதவுல சிக்கிருச்சு. அம்புட்டுக் காத்துலயும் கெடந்து அடிச்சிருக்கு, ஓரந்தான் பிசிறுச்சு. நீங்களே இழுத்துப் பாருங்க."

கருத்தம்மா இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கூடை முடைகிற கை. வேட்டி அசையவில்லை. "இதுல ரெண்டு போடு. எங்க வீட்டு ஆளு மூணு மாசத்துக்கு ஒண்ணு கிழிக்கான்" என்றாள்.

அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் தேரடி ஆட்டோ ஸ்டாண்டே நின்றது. வானத்தில் வேட்டி போனதை ஊரில் பாதிப் பேர் பார்த்திருந்தார்கள். எந்தக் கடை என்றுதான் தெரியாமல் இருந்தார்கள். கருத்தம்மா வெளியே போய் நின்று சொன்னதும் தெரிந்துவிட்டது. ஆட்டோ மைக்கெல்லாம் அவள் தொண்டைக்கு முன்னால் நிற்காது.

விளக்கு வைக்கிற நேரத்தில் கடைக்குள் நிற்க இடமில்லை. வந்தவர்களெல்லாம் ஒரு தடவை வேட்டியை இழுத்துப் பார்த்தார்கள். சிலர் கதை கேட்டார்கள். அபுபக்கர் அண்டர்வேர் உட்பட எல்லாவற்றையும் சொன்னான். "பொம்பளப் பிள்ளையா ஓட்டுச்சு? ஒன்ன வச்சுக்கிட்டா? கெட்டிக்காரிதான்" என்று ஒரு கிழவர் சொல்லிவிட்டு நாலு முழத்தில் ஒன்று எடுத்தார். பச்சைக்கரைக் கட்டு தீர்ந்துகொண்டே வந்தது. மேல் தட்டில்தான் மீதி.

"அந்தக் கட்ட எறக்குங்க அண்ணே" என்று அபுபக்கர் கூட்டத்துக்குள்ளிருந்து கத்தினான். யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்கே உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது.

சேக் முகைதீன் நாற்காலியைப் போட்டு ஏறிக் கட்டை இறக்கினார்.

எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. கடை அடைத்ததும் மூன்று பேரும் ராஜபாளையத்துக்கு ஷேர் டாக்சி பிடித்தோம். கதவோரம் அபுபக்கர், நடுவில் அண்ணன், இந்த ஓரம் நான். கிருஷ்ணன்கோவில் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் முன்னால். பாதி வழியில் அண்ணன், "நாளைக்கு எத்தன மணிக்குத் தெறக்க?" என்று கேட்டார்.

"எட்டரைக்கு அண்ணே."

"என்னால அம்புட்டுக் காலையில வர முடியாது" என்றார் அவர். பெல்ட்டிலிருந்து சாவியைக் கழற்றித் தம்பியின் சட்டைப் பையில் போட்டார். "அந்தப் பச்சக்கரையில எனக்கு ரெண்டு கட்டு அனுப்பு. நம்ம கடையில போட்டுப் பாப்போம்."

"ஒங்க கடையில" என்றான் அபுபக்கர்.

"சரிலே, எங்க கடையில."

அப்போது ஒரு பள்ளத்தில் டாக்சி இறங்கி ஏறியது. அபுபக்கர் பக்கத்துக் கதவு திறந்துகொண்டு ஆடியது. டிரைவர் திரும்பாமலே, "அண்ணாச்சி, கதவப் பிடிங்க" என்றார்.

அபுபக்கர் கதவைத் தொடவில்லை. இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டான்.